யாருக்காக எழுதிக்கொள்கிறார்கள்?



‘எதையும் பிடிச்சுக்காம எழுந்து நிக்க முடியுதா?’

இந்தக் கேள்வியைக் கேட்க எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டாம். பதிலைக் குறித்துக்கொள்ள கம்ப்யூட்டரும் வேண்டாம். ஆனால் 2022 ஏப்ரலில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் காசநோய் என்று உறுதியானவரிடம் முதலில் பார்க்கப்படும் ஐந்து விஷயங்களில் இதுவும் ஒன்று.

மற்ற நான்கும் இதே அளவு எளிமையானவைதான். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றனவா? நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்? கொரோனா காலத்தில் நாமெல்லாம் வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் அந்தக் கருவி, அதில் ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது?

மூச்சு 24 முறைக்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலோ, உடல் மிகவும் வற்றிப்போயிருந்தாலோ அவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. முழுதாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் படுக்கையில் சேர்க்க வேண்டும். ‘வற்றிப்போவது’ என்றால் எவ்வளவு? 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லையென்றால் அது ஆபத்தான நிலை. ஆறாவது படிக்கும் பிள்ளையின் எடை அது. அப்படியும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

திட்டத்தின் பெயர் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. மாநில காசநோய்ப் பிரிவும் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தவை இந்தக் கேள்விகள். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோயைக் கண்டுபிடித்த முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். ‘ஆறு மாசம் மாத்திரை போடுங்க, சரியாகிடும்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில், அந்த ஆறு மாதத்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் யார் என்று கண்டுகொள்ள விலையுயர்ந்த ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை. எடை மெஷினும், விரலில் மாட்டும் அந்தக் கருவியும், ஒரு தாளும், அதை நிரப்ப நேரம் கிடைத்த ஓர் ஊழியரும் போதுமாக இருந்தது. ஆபத்தில் இருப்பவர் என்று தெரிந்த பிறகு அவர் அட்மிட் ஆனாரா, என்ன ஆனார் என்று தொடர்ந்து பார்க்கத்தான் இணையப் பதிவு.

தாள் முதலில், கம்ப்யூட்டர் அடுத்து. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. இதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச நினைத்தேன்.

ஏனென்றால் இப்போது எந்த மருத்துவமனைக்குப் போனாலும் திரை இருக்கிறது. ரிசப்ஷனில் திரை, டாக்டர் மேஜையில் திரை, மருந்து கொடுக்கும் ஜன்னலில் திரை. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அம்மாவை சர்க்கரைக்குக் காட்ட அழைத்துப்போகிற மகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே மருத்துவமனையில் ஒரே விவரத்தை மூன்று ஜன்னலில் சொல்கிறாள். டாக்டர் திரையைப் பார்த்தே பேசுகிறார். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனை ‘சிஸ்டத்தில் வரலை’ என்று மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது ஆங்கிலத்தில் நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் எந்த மாத்திரையை நிறுத்தினார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்பதை மருந்துக்கடைத் தம்பியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு எழுதிக்கொள்கிறார்களே, யாருக்காக? விவரத்தைக் கொடுத்தவருக்கு அதில் என்ன திரும்பி வருகிறது? அதை உட்கார்ந்து எழுதியவருக்கு என்ன மிச்சம்? மருத்துவமனைக் கம்ப்யூட்டர் எதைப் பார்த்தாலும் நான் கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்விகள் இவை இரண்டும்தான்.

நம் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படிவங்களில் முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்கள் அங்கே எதைப் போடுவது? அப்பா பெயரையா, ஊர்ப் பெயரையா? இனிஷியல் ஆதாரில் முன்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் பின்னால் இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கவே இருக்காது. சின்ன விஷயம் என்று சிரிக்கலாம். ஆனால் காசநோயாளிகளுக்குச் சத்தான உணவுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை பேங்க் கணக்கில்தான் வந்து விழுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்த தொகை அது. கணக்கே இல்லாதவருக்கும், கணக்கு விவரம் சரியாக இணையாதவருக்கும் அது தாமதமாகும், நின்றும் போகும். 36 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் முட்டையும் பருப்பும் அல்லவா?

இன்னொரு பக்கம் நர்ஸம்மாவைப் பாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் என்பது அரசாங்கப் பெயர். ஊருக்கு அவர் நர்ஸம்மாதான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி, எடை பார்ப்பது, ரத்தசோகை மாத்திரை என்று அத்தனையும் அவர் தலையில். இதற்கு மேல் ‘பிக்மி’ என்கிற கர்ப்பிணிகள் பதிவுத் தளம். நோட்டிலும் எழுத வேண்டும், போர்ட்டலிலும் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காத ஊரிலும் இது கட்டாயம். டேட்டா என்ட்ரிக்குத் தனி ஆள் போடுங்கள் என்பது அவர்களுடைய பல வருடக் கோரிக்கை. பகல் முழுக்க வீடு வீடாக நடந்துவிட்டு இரவில் உட்கார்ந்து டைப் அடிக்கிற அந்த நேரத்தை யார் வேலை நேரமாகக் கணக்கில் வைக்கிறார்கள்?

சரி, அந்தப் பதிவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அதுவரை அவளைப் பார்த்துவந்தது புகுந்த ஊர் நர்ஸம்மா. ரத்த அளவு குறைவாக இருந்தது, போன வாரம் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிறந்த ஊர் நர்ஸம்மாவுக்கு அது எப்படித் தெரியவரும்? பதிவு எண்ணைத் தட்டினால் விவரம் முழுதும் வந்து நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை சரியாக இதுதான், தாளால் ஆகாது. 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தாய்சேய் நல அட்டையில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

என் வருத்தமெல்லாம், இப்படி உதவுகிற ஐந்து கட்டங்களோடு யாருக்கும் உதவாத ஐம்பது கட்டங்களையும் சேர்த்து ஒரே ஆள் தலையில் கட்டுவதில்தான். கட்டங்களை முடிவு செய்கிறவர் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிறார். நிரப்புகிறவர் வெயிலில் நடக்கிறார். முடிவு செய்கிறவர் ஒரு வாரம் அவரோடு நடந்துவிட்டு வந்தால், கட்டங்களில் பாதி தானாகவே காணாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

எளிமையாகச் செய்ய நமக்குத் தெரியாதா என்ன? தெரியும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கியபோது, ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க, அதன் மதிப்பைக் கழித்து மீதியை எழுதுவார்கள். கிடங்குகளின் கையிருப்பு கம்ப்யூட்டர் வழியே தலைமையகத்துக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநருக்குத் தனிப் பயிற்சி எதற்கு? பேங்க் பாஸ்புக் படிக்கத் தெரியாதவர் யார்? சிக்கலான பகுதி கிடங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, எளிமையான பகுதி ஊழியரின் கைக்கு வந்தது. கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்வாக்கு இருக்கிறது, அதனால் மருந்து முதலில் அங்கே போகும் என்ற பேச்சுக்கும் இதில் இடம் குறைந்தது. யாருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கிறதே!

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனி தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022 நவம்பரை ஞாபகப்படுத்த வேண்டும். டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில், ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டும் ரிப்போர்ட்டும் கையால் எழுதப்பட்டன. உங்கள் வீட்டு ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இனி ஆராய்ச்சி. ‘அது டாக்டர்கள் விஷயம், நமக்கெதற்கு’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீடுகளை வைத்துத்தான் அது நடந்திருக்கிறது.

சென்னை புறநகர் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்துக்கு ‘சானடோரியம்’ என்று பெயர் இருக்கிறதே, கவனித்திருப்பீர்கள். காசநோய் வந்தால் வீட்டை விட்டு அப்படிப்பட்ட இடத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கால வைத்தியம். 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மாத்திரை. இன்னொரு பகுதியினருக்கு அவர்கள் குடியிருந்த நெருக்கடியான வீட்டிலேயே அதே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்திருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவிவிடவில்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. 1959-ல் முடிவுகள் வெளியானதும், காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகமே பாதையை மாற்றிக்கொண்டது. ஆய்வு நடந்தபோது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று வீட்டுக்கே போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அத்தனைக்கும் கதவைத் திறந்துவிட்ட அந்தக் குடும்பங்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம்பி ஒப்படைப்பவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதில் நாடு சறுக்கியதும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஒரு செயல்விளக்கத் திட்டம் 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. சிறுமிகள் சிலர் இறந்ததாகச் செய்தி வந்து, 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் தோண்டும்போது வேறொன்று வெளியே வந்தது. பெற்றோரின் சம்மதம் இருக்க வேண்டிய இடத்தில், பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. நஷ்டம் யாருக்கு? ஊசி நல்ல ஊசி. அதன் மேல் விழுந்த சந்தேகம் விலக வருடங்கள் ஆயின. அம்மாவிடம் உட்கார்ந்து பேசக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தால் போதும் என்பதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

நன்றாக நடத்திய உதாரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜார்க்கண்டில் 2019-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் 2800 காசநோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. ஒரு பகுதி வீடுகளில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. குடும்பம் முழுக்கச் சாப்பிட்ட வீடுகளில், மற்ற வீடுகளைவிட புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து இல்லை, அரிசியும் பருப்பும்! ஒப்பிடுவதற்காக வைத்திருந்த வீடுகளிலும் நோயாளியைப் பட்டினி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். இரு பக்கமும் நோயாளிக்கு உணவு உண்டு. 2024-ல் மத்திய அரசும் உணவுக்கூடை உதவிக்குள் காசநோயாளிகளின் குடும்பத்தினரைச் சேர்த்தது.

உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ யாராவது சம்மதப் படிவத்தை நீட்டினால் அவசரப்பட வேண்டாம். இது சிகிச்சையா, ஆராய்ச்சியா என்று நேராகக் கேளுங்கள். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும், அது உங்கள் உரிமை. புதிய மருந்தைச் சோதிக்கும்போது பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்பதை 2019-ல் வந்த விதிகள் சொல்கின்றன, படிவத்திலும் அது இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். முடிவு தெரிந்ததும் எங்களுக்குச் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை பெரும்பாலும் யாருமே கேட்பதில்லை. நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யப் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2009 முதல் அதில் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

இன்னொரு தகவல். ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் சாராத சாமானியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், சுயஉதவிக் குழுத் தலைவிகள் என நம் வாசகர்களில் எத்தனை பேர்! அந்த நாற்காலியில் நீங்கள் ஏன் உட்காரக் கூடாது? ‘இந்தப் படிவம் எனக்கே புரியலையே, நோயாளிக்கு எப்படிப் புரியும்?’ என்று கேட்கத்தான் அந்த நாற்காலியே.

பல வாசகிகள் கேட்டு எழுதியிருந்த ‘ஆபா’ எண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 14 இலக்க எண் அது. இஷ்டப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. ரிப்போர்ட்டுகள் ஒரே இடத்தில் சேரும், சில மருத்துவமனைகளில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வரிசையில் நிற்காமல் டோக்கன் எடுக்கலாம். எனக்கு இதில் பெரிய பயம் இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனை உங்கள் விவரத்தைப் பார்க்க அனுமதி கேட்டு போனுக்குக் கோரிக்கை வந்தால், அது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று படித்துவிட்டுக் கொடுங்கள். போன் வைத்திருக்கும் பேரன் கொடுத்துவிட்டான் என்று இருக்க வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமைக்கு அதில் இடம் இருக்கிறது.

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில், கிழித்து வைத்துக்கொள்ள ஒரு தாள் தருகிறோம். குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு பக்கம். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், செய்துகொண்ட ஆபரேஷன்கள், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். கீழே மாதாமாதம் எடையைக் குறிக்கப் பன்னிரண்டு கட்டங்கள். காசநோயோ சர்க்கரையோ, காரணமில்லாமல் எடை இறங்குவதைத்தான் வீட்டில் முதலில் கவனிக்க முடியும். ஃபைலில் கோத்துக்கொள்ள இடது ஓரத்தில் இடம் விட்டிருக்கிறோம். மாத்திரைப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம், மில்லிகிராம் அளவை மட்டும் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். நிரப்பிப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். எது விட்டுப்போயிற்று என்பதோடு, எந்தக் கட்டம் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள், மறுபடி அச்சிடும்போது எடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்